அமெரிக்க ஹைவேயின் இடது லேன்: நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரோட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: நான்குவழிச் சாலையின் இடது ஓரத்தை நம்ப முடியாது. எதிர்த்திசையில் பைக் வரும், பழுதான லாரி நிற்கும், ஊர் வந்தால் பஸ் சட்டென்று ஒதுங்கும். அதனால் லோடு லாரி முதல் நேற்று லைசென்ஸ் வாங்கியவர் வரை எல்லோரும் சென்டர் மீடியனை ஒட்டியே போகிறார்கள். அந்த லேன் ஓவர்டேக் செய்வதற்கு என்ற விதி ஏட்டோடு சரி.

இந்தப் பழக்கம் நம்மோடு அமெரிக்காவுக்கும் விமானம் ஏறி வந்துவிடுகிறது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் மீடியனை ஒட்டிய லேன் இடதுபுறம் இருக்கும். ரேம்ப் (ஹைவேயில் சேரும் இணைப்புச் சாலை) ஏறியதும் நேராக அந்த லேனுக்குப் போய், க்ரூஸ் கண்ட்ரோலை (வேகத்தை மாறாமல் வைக்கும் வசதி) மணிக்கு 65 மைலில் வைத்துவிட்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு எக்ஸிட் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. ஊரில் இடது ஓரத்தைத் தவிர்க்கக் காரணம் இருந்தது. மாநிலங்களை இணைக்கும் பெரிய ஹைவேயான இன்டர்ஸ்டேட்டில் எதிரே பைக் வராது, ஊருக்குள் போகும் சந்தும் கிடையாது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் மிச்சம். நம்மவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதைச் செய்வதால்தான் மாநிலம் மாநிலமாக இதற்குச் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"நான் லிமிட்டில்தானே போகிறேன்?"

தவறுகளில் பெரியது இதுதான். இதைச் செய்கிறவர் தன்னை ஒழுங்கான ஓட்டுநர் என்று நம்புவதால் மாற்றிக்கொள்ளவும் மாட்டார். பலகையில் 65, என் மீட்டரிலும் 65, இதற்கு மேல் போவது சட்டவிரோதம், அப்படியிருக்க நான் ஏன் ஒதுங்க வேண்டும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் பலகையில் உள்ள எண்ணை வைத்து இதை முடிவு செய்வதில்லை. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் மற்ற வண்டிகள் சாதாரணமாக என்ன வேகத்தில் போகின்றன என்பதே அளவுகோல்.

கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 21654-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையின் இயல்பான ஓட்டத்தைவிட மெதுவாகப் போகும் வண்டி வலது லேனில்தான் போக வேண்டும். ஓவர்டேக் செய்யும்போதும் இடதுபுறம் திரும்பத் தயாராகும்போதும் மட்டும் விதிவிலக்கு. வேக வரம்பு எப்படி இருந்தாலும் இது பொருந்தும் என்று அந்தப் பிரிவின் தொடக்கமே சொல்லிவிடுகிறது. எல்லோரும் 72-ல் போகும் சாலையில் நீங்கள் 65-ல் இடது லேனில் போனால், மெதுவாகப் போகிற வண்டி உங்களுடையதுதான்.

ஜார்ஜியா இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. 2014 ஜூலையில் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயரே 'ஸ்லோபோக் லா', அதாவது ஆமைவேகக்காரர் சட்டம். பின்னால் உங்களைவிட வேகமாக ஒரு வண்டி வருகிறது என்று தெரிந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலை என்றால், நீங்கள் அந்த லேனில் தொடரக் கூடாது. டிராஃபிக் நெரிசல், மோசமான வானிலை, இடதுபுற எக்ஸிட் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2015-ல் இண்டியானா, 2016-ல் டென்னஸி, 2019-ல் மினசோட்டா என்று இதே மாதிரிச் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. டென்னஸியில் ஒரு திசையில் மூன்று லேனுக்குக் குறையாத சாலைகளில்தான் அது செல்லும், அபராதம் 50 டாலர். இண்டியானாவில் 500 டாலர் வரை போகலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'வழிவிடு' என்ற சட்டம், பின்னால் வருபவர் 85-ல் பறக்கலாம் என்ற அனுமதி இல்லை. அவருக்கும் போலீஸ் டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதலாம், வழிமறித்த உங்களுக்கும் எழுதலாம். அவருடைய வேகத்துக்குக் கணக்குப் பார்ப்பது போலீஸ் வேலை. அதை நீங்கள் ஏன் சம்பளமில்லாமல் செய்ய வேண்டும்?

மாநில எல்லை தாண்டியும் அதே விதிதான் என்று நினைப்பது

நியூஜெர்ஸியில் பின்னால் யாரும் வரவேண்டும் என்பதுகூட இல்லை. வலது லேன் காலியாக இருந்தால் அங்கேதான் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். 2013-ல் அபராதத்தை 100 முதல் 300 டாலர் வரை உயர்த்தினார்கள். வாஷிங்டன் மாநிலமும் ஓவர்டேக், ஓட்டத்தைவிட வேகமாகப் போவது, உள்ளே சேரும் வண்டிக்கு இடம் கொடுப்பது, இடதுபுறம் திரும்பத் தயாராவது ஆகியவற்றுக்குத்தான் இடது லேன் என்று வைத்திருக்கிறது. டெக்ஸஸில் பலகையைப் பார்க்க வேண்டும். 'இடது லேன் ஓவர்டேக் செய்ய மட்டும்' என்று எழுதிய வெள்ளைப் பலகை இருக்கும் பகுதியில் அது கட்டாய விதி; மீறினால் 200 டாலர் வரை அபராதம்.

ஃபுளோரிடா கதை வேறு. வேகமாக வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கே ஏற்கெனவே சட்டம். அதையும் தாண்டி, பெரிய ஹைவேக்களில் இடது லேனில் காரணமில்லாமல் தொடர்ந்து ஓட்டுவதையே தடை செய்யும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2024-ல் ஆளுநர் டிசாண்டிஸ் அதை வீட்டோ செய்துவிட்டார். அதே மாநிலத்தில் இன்டர்ஸ்டேட்டுக்குக் குறைந்தபட்ச வேகமும் உண்டு: 40 மைல்; லிமிட் 70 என்று போட்ட இடங்களில் 50. பயத்தில் ஊர்ந்து போவதும் சில இடங்களில் டிக்கெட்டுக்கு உரியது என்பது புதிதாக ஓட்டுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

டிரக்கை ஓவர்டேக் செய்யும்போது

இந்த விதி வெறும் மரியாதைக்காக வந்ததில்லை. அமெரிக்க டிரக்கில் ஓட்டுநர் இடதுபக்கம் உட்கார்ந்திருப்பார். இடதுபுறமாகக் கடக்கும் கார் அவர் கண்ணாடியில் எளிதாகத் தெரியும். வலதுபுறத்தில் அவர் பார்க்க முடியாத பரப்பு மிகவும் பெரியது. கேபினுக்குப் பக்கத்தில் தொடங்கி டிரெய்லர் நெடுகப் போகும், பக்கத்து லேன்களிலும் விரியும். (ஊரில் ஓட்டுநர் வலதுபக்கம் உட்கார்வதால் இதெல்லாம் அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி.) இடது லேனை ஒருவர் அடைத்துக்கொண்டால் பின்னால் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? வலதுபுறமாக நுழைந்து, டிரக் பார்க்காத அந்தப் பக்கமாக முந்துவார்கள். பல லேன் உள்ள சாலையில் பெரும்பாலான மாநிலங்கள் வலதுபுறம் முந்துவதைத் தடுப்பதில்லை, ஷோல்டரில் (லேனுக்கு வெளியே உள்ள சாலையோரப் பட்டை) ஏறாதவரை. ஆனால் சட்டம் விடுகிறது என்பதற்காக டிரக் ஓட்டுநருக்குக் கண் தெரிந்துவிடாது.

ஓவர்டேக் செய்யத்தான் இடது லேனுக்கு வந்தேன் என்பவர்களும் இன்னொரு தவறைச் செய்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் உள்ள மலிபு இந்துக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஐ-5 சாலையை நன்றாக அறிவார்கள். மத்தியப் பள்ளத்தாக்கில் நெடுந்தூரத்துக்குத் திசைக்கு இரண்டே லேன். கார்களுக்கு 70, பெரிய டிரக்குகளுக்கு 55 என்று சட்டம், ஆனால் டிரக்குகள் 65-ஐத் தாண்டிப் போவதும் சாதாரணம். 68-ல் போகும் ஒரு டிரக்கை நீங்கள் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடாமல் 70-ல் கடக்கிறீர்கள் என்று வையுங்கள். பின்னால் விட்ட இடைவெளி, டிரக்கின் நீளம், முன்னால் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 300 அடி என்றால், 2 மைல் வித்தியாசத்தில் அதைக் கடக்க 100 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் சாலையில் 2 மைல் போயிருப்பீர்கள், உங்கள் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலமே சேர்ந்திருக்கும். டிரக் 60-ல் போனால் இதே வேலை 20 நொடியில் முடிந்துவிடும். வித்தியாசம் போதாதென்றால் டிரக்குக்குப் பின்னாலேயே நல்ல இடைவெளி விட்டுக் காத்திருங்கள். கடக்கத் தொடங்கினால் பாதியில் தயங்காதீர்கள். டிரக்கின் இரண்டு ஹெட்லைட்டும் உங்கள் நடுக் கண்ணாடியில் தெரிந்ததும் இண்டிகேட்டர் போட்டு வலதுபுறம் வந்துவிடலாம்.

மூன்று, நான்கு லேன் உள்ள நகர்ப்புற ஃப்ரீவேயில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. வலது ஓரத்தில் ரேம்ப் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் பின்னிக்கொண்டிருப்பார்கள். நடு லேனில் போவதே வசதி. இடது ஓரத்தில் கார்பூல் லேன் (பலர் சேர்ந்து பயணிக்கும் கார்களுக்கான லேன்) இருந்தால் அது தனிக் கணக்கு. அதில் ஆள் எண்ணிக்கையும் உள்ளே நுழையக் கோடு எங்கே விட்டுவிட்டுப் போட்டிருக்கிறது என்பதும் முக்கியம். இரட்டைக் கோட்டைக் குறுக்கே வெட்டக் கூடாது.

பின்னால் இருப்பவர் செய்யும் தவறுகள்

முன்னால் போகிறவர் ஒதுங்கவில்லை என்பதற்காக அவர் பம்பரில் ஒட்டிக்கொண்டு ஹெட்லைட்டை அடிப்பவரும் சட்டத்தை மீறுகிறார். இடைவெளி விடாமல் பின்தொடர்வது தனிக் குற்றம், முன்னவர் செய்த தப்பு அதற்குச் சாக்கு ஆகாது. மூன்று நொடி இடைவெளி விட்டு, இடது இண்டிகேட்டரை ஒருமுறை போட்டுக் காட்டினால் பலருக்குப் புரிந்துவிடும். புரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அதேபோல ஒட்டிக்கொண்டு வருபவருக்குப் பாடம் கற்பிக்க பிரேக்கை மிதிப்பது அடிமுட்டாள்தனம். ஓரத்தில் போலீஸ் வண்டியோ ஆம்புலன்ஸோ விளக்கெரிய நின்றால் அதை ஒட்டிய லேனைக் காலி செய்ய வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது 50 மாநிலங்களிலும் சட்டம். அப்போது வலது லேன்காரர்கள் இடதுபுறம் வருவார்கள். வேகத்தைக் குறைத்து இடம் கொடுங்கள்.

திசைக்கு ஒரே லேன் உள்ள மலைப்பாதையில் ஒதுங்க லேனே இருக்காது. கலிஃபோர்னியாவின் கடலோர மலைப்பகுதியான பிக் சர் பக்கம் ஹைவே 1-ல் கடலைப் பார்த்துக்கொண்டே 30-ல் போவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கலிஃபோர்னியாவில் இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் வரிசை கட்டி, முந்த வழியில்லாமல் இருந்தால், அடுத்த டர்ன்அவுட்டில் (ஒதுங்குவதற்காகச் சாலையோரம் விட்டிருக்கும் இடம்) ஒதுங்குவது கட்டாயம். வாஷிங்டனிலும் ஐந்துதான் கணக்கு. பலகை முன்கூட்டியே வரும். இண்டிகேட்டர் போட்டு உள்ளே போய், வரிசை கடந்ததும் கண்ணாடியையும் தோள் பக்கத்தையும் பார்த்துவிட்டு மீண்டும் சாலைக்கு வரலாம். பலகை இல்லாவிட்டாலும், பாதுகாப்பாக ஒதுங்க இடம் இருந்தால் அங்கேயே ஒதுங்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது.