பிஸ்டலின் ரீகாயில் ஸ்பிரிங்: சந்தேகப்படுவதற்கு முன் தேங்காய் எண்ணெயைத் துடையுங்கள்

நுவரெலியாவில் விடியற்காலை தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். தலைக்கு வைக்க அடுப்படியில் உருக்கிக்கொள்ளலாம், பிஸ்டலுக்குள் உறைந்தால்? ஸ்லைட், அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி, சோம்பலாக நகரும், முழுதாக மூடாது. பங்களாவில் துரையின் 1911 வகைப் பிஸ்டலைத் துடைக்கும் வேலை முதலில் என் தலையில் விழுந்தபோது நானும் "ஸ்பிரிங் போச்சு துரை" என்றுதான் சொன்னேன். யாரோ தேங்காய் எண்ணெய் பூசியிருந்தார்கள். அதைத் துடைத்துவிட்டு துவக்கு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் ஸ்பிரிங்குக்குச் சுகமாகிவிட்டது.

சுடும்போது ஸ்லைட் பின்னால் பாயும். அந்த வேகத்தைத் தாங்குவதும், ஸ்லைட்டைத் திரும்ப முன்னே தள்ளி அடுத்த ரவையை சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் ரவை உட்காரும் அறைக்குள், ஏற்றுவதும் ரீகாயில் ஸ்பிரிங் என்ற இந்தச் சுருள் கம்பிதான். தளர்ந்துபோனால் ஸ்லைட் பிரேமில் (பிடியுள்ள கீழ்ப்பகுதியில்) ஓங்கி அடிக்கும். வெற்றுக்கோதுகள் வழக்கத்தைவிடத் தூரமாய்ப் போய் விழும். ஸ்லைட் மூடும்போது ஒரு நூல் இடைவெளியில் நின்றுவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். லைசன்ஸ்காரர் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் ரவைகள் அடுக்கிய மகசினைக் கழற்றுங்கள். பிறகுதான் ஸ்லைட்டை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் மகசினிலிருந்து இன்னொரு ரவை ஏறிவிடும். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். ரவைகளை வேறு அறையில் வையுங்கள். குளோக் என்ற இன்னொரு வகைப் பிஸ்டலைக் கழற்ற டிரிகரை இழுத்தே ஆகவேண்டும் என்பதால் அதில் இந்தச் சோதனையை இரண்டு தரம் செய்வேன்.

குளோக்கில் மிச்சம் சுலபம். ஸ்லைட்டை மூன்று மில்லிமீற்றர் அளவு பின்னால் இழுத்து, இரு பக்கமும் உள்ள பூட்டைக் கீழே பிடித்தால் ஸ்லைட் முன்னால் கழன்று வரும். ஸ்பிரிங்கும் அதன் கம்பியும் ஒரே தொகுதி, அப்படியே மாற்றலாம். 2010இல் வந்த நான்காம் தலைமுறையில் இரட்டை ஸ்பிரிங் இருக்கிறது; அதற்கு முந்தியதை அதில் போட முயலாதீர்கள். திரும்பப் பூட்டும்போது தொகுதியின் பின்முனை, பெரலின் (குழலின்) அடியிலுள்ள அரைவட்ட வெட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

1911 கொஞ்சம் குறும்பு பிடித்தது. ஸ்பிரிங்கின் முன்பக்கத்து மூடியைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே புஷிங்கை, அதாவது குழல் வாயைச் சுற்றியுள்ள வளையத்தை, கால் சுற்று திருப்ப வேண்டும். விரலை எடுத்தால் மூடி தோட்டாவாகப் பறக்கும். என்னுடையது முகட்டில் பட்டு அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. அரை மணித்தியாலம் டோர்ச் அடித்துத் தேடினேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துணியையும் மேலே மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்லைட் ஸ்டொப் என்ற பக்கத்து நெம்பை ஸ்லைட்டிலுள்ள வெட்டுக்கு நேராக்கி வெளியே தள்ளினால் ஸ்லைட் ஸ்பிரிங்கோடு வந்துவிடும். ஸ்பிரிங்கை உருவுமுன் ஒரு படம் எடுத்து வைத்தால் எந்த முனை எந்தப் பக்கம் என்ற குழப்பம் வராது.

புதியதைப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது நன்றாகக் குட்டையாகியிருந்தால், சுருள் வளைந்திருந்தால், துருப் புள்ளி கண்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். முழு அளவு .45 பிஸ்டலுக்கு வழக்கமான பலம் 16 இறாத்தல். பலமானது போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் ஸ்லைட் முழுதாகப் பின்னால் போகாமல் கோது சிக்கிக்கொள்ளும். 3,000 சூட்டுக்கு ஒரு தரம் மாற்றுவது நல்ல கணக்கு, குட்டைப் பிஸ்டலுக்கு அதற்கும் முன்பே. ஆனால் நம் பக்கத்தில் யார் அவ்வளவு சுடுகிறார்கள்? இங்கே எதிரி பனிமூட்டம்தான். குளிரில் இருந்த துவக்கைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும். அதைத் துடைக்காமல் தோல் உறையில் செருகினால் ஈரம் உள்ளேயே தங்கும். மே முதல் செப்டெம்பர் வரை மழைக்காலத்தில் வாரம் ஒரு தரம் எடுத்துத் துடைக்கிறேன்.

பூட்டியபின் வெறும் பிஸ்டலின் ஸ்லைட்டை ஐந்தாறு தரம் இழுத்து விடுங்கள். உரசல் இல்லாமல் ஒவ்வொரு தரமும் முழுதாக மூட வேண்டும். பிரேமில் வெடிப்பு கண்டால் நாமே கைவைக்கக்கூடாது. லைசன்ஸ் உள்ள துவக்குத் திருத்துபவரிடம் கொடுங்கள்.

பழைய ஸ்பிரிங்கை "இருக்கட்டும்" என்று புதியதோடு லாச்சியில் போடாதீர்கள், கலந்துவிடும். எங்களுடையது இப்போது கோழிக்கூட்டுக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறது.