மலையில இருக்கிற கணக்கு டீச்சருங்க ஒரு குழுவா சேர்றது எப்படி

நீலகிரியில கோத்தகிரி பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல கணக்கு எடுக்கிறேன், 14 வருஷமாச்சு. இந்த மலையில நிறைய ஸ்கூல்ல கணக்குக்கு ஒரே ஆள்தான் இருப்போம். மத்த டீச்சருங்களோட சேர்ந்து சாப்பிடுவோம், ஊர்க்கதை வீட்டுக்கதை எல்லாம் பேசுவோம், ஆனா "எட்டாவதுல பாதி பேர் ஒரே மாதிரி தப்பு பண்ணிருக்காங்க, ஏன்னு பிடிபடல"ன்னு ஆரம்பிச்சா அதை உக்காந்து கேக்க ஆள் இருக்காது. நல்லா அமைஞ்ச கிளாஸும் அப்படித்தான், அந்த நாலு சுவத்துக்குள்ளயே முடிஞ்சு போயிடும், பத்தாவது ரிசல்ட் அன்னிக்கு மட்டும் எத்தனை சென்டம்னு கேப்பாங்க. நாலு வருஷம் முன்னாடி குன்னூர்ல அஞ்சு பேர் மாசம் ஒரு தடவை உக்கார ஆரம்பிச்சோம், இப்போ பதினோரு பேர் வர்றோம். அதை எப்படி செஞ்சோம், நீங்க உங்க பக்கம் எப்படி செய்யலாம்னு சொல்றேன்.

முதல்ல ஆள். எல்லாருக்கும் பொதுவா ஒரு மெசேஜ் தட்டி விட்டா யாரும் வர மாட்டாங்க, அதை ஒரு வருஷம் பண்ணி பாத்துட்டேன். குறுவள மையத்துல, அதாவது பக்கத்து ஸ்கூல் டீச்சருங்க எல்லாம் கூடுற இடத்துல, ட்ரெயினிங் நடக்கும்போது சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல உக்காந்து பேசுங்க, கணக்கை பத்தி பேசும்போது யாருக்கு முகம் மலருதோ அவங்க நம்பரை வாங்குங்க, அப்புறம் தனித்தனியா போன் போட்டு கூப்பிடுங்க. கவர்மென்ட், எய்டட், மெட்ரிக்னு பிரிச்சு பாக்காதீங்க. முக்கியமா ரெண்டு பிரைமரி டீச்சராவது கண்டிப்பா வேணும், ஏன்னா பத்தாவதுல நம்ம தலைய பிச்சுக்கிற பின்னம், சதவீதம் எல்லாம் நாலாவது அஞ்சாவதுலயே எங்க வழுக்குச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஹெச்.எம். வரலாம், டீச்சருங்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கிற வட்டார வள மையத்துல இருக்கிறவங்களும் வரலாம், ஆனா அந்த ரெண்டரை மணி நேரம் அவங்களும் கணக்கு டீச்சரா மட்டும்தான் இருக்கணும், இதை முதல் நாளே மரியாதையா சொல்லிடுங்க.

இடம், நேரம் ரெண்டையும் மலைய பாத்துத்தான் முடிவு பண்ணணும். ஊட்டிக்காரங்களும் கோத்தகிரிக்காரங்களும் பஸ் மாறாம வந்துடலாம்னுதான் நாங்க குன்னூர பிடிச்சோம். சனிக்கிழமை காலையில பத்தரைக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு முடிச்சிடுவோம், மதியத்துக்கு மேல மூடுபனி இறங்கிடுச்சுன்னா ஹட்டிகளுக்கு, அதான் படுகர் கிராமங்களுக்கு, போற பஸ்ஸ நம்பி உக்கார முடியாது. அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு மழை, குன்னூர் கோத்தகிரி ரோட்டுல மண்ணு சரியும், அந்த ரெண்டு மாசம் போன்லயே பேசிக்கிறோம். கூடலூர், பந்தலூர் டீச்சருங்கள இங்க வர சொல்றது நியாயமே இல்ல, ஊட்டியில இருந்து கூடலூரே சுமார் 50 கிலோமீட்டர் காட் ரோடு, அங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கொட்டுற மழை வேற. அவங்க தனியா ஒரு குழு வெச்சிருக்காங்க, வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் ஊட்டியில சேருவோம்.

உக்காந்து என்ன பண்றதுன்னுதான் நிறைய பேர் கேக்குறாங்க. சும்மா கூடி பேசினா டிரான்ஸ்ஃபர், எமிஸ்ங்கிற ஆன்லைன் பதிவு வேலை, சம்பள பில்லு இதுலயே ரெண்டு மணி நேரம் ஓடிடும். எல்லாம் உண்மையான கஷ்டந்தான், அதனால அதுக்குன்னே டீ நேரத்துல பத்து நிமிஷம் ஒதுக்கிருக்கோம். மீதி நேரத்துக்கு ரெண்டே விஷயம். ஒருத்தர் பிள்ளைங்க எழுதின தப்பான விடை ஒண்ணை பேரை மறைச்சு எடுத்துட்டு வரணும், இன்னொருத்தர் நாங்க எல்லாரும் சேர்ந்து போட ஒரு கணக்கு கொண்டு வரணும்.

நான் கொண்டு போன தப்பை சொல்றேன். இங்க பாதி பிள்ளைங்க வீட்டுல சின்ன தேயிலை தோட்டம் இருக்கும், மழைக்காலத்துல இலையில தண்ணி இருக்குன்னு ஃபேக்டரியில எடைய கழிப்பாங்க. அதை வெச்சு கேட்டேன், 10 சதவீதம் கழிச்ச பிறகு 45 கிலோ, அப்போ கொண்டு போனது எவ்வளவு? கிளாஸ்ல முக்கால்வாசி 49.5னு எழுதிருக்காங்க. குழுவுல ஒரு சார் ஃபார்முலாவ திரும்ப சொல்லி கொடுங்கன்னார், இன்னொருத்தர் இன்னும் பத்து கணக்கு கொடுங்கன்னார், அப்போ ஒரு பிரைமரி டீச்சர் "பத்து சதவீதம் எதுல டீச்சர்?"னு மெதுவா கேட்டுட்டு எழுந்து போய் போர்டுல பத்து கட்டம் போட்டு ஒண்ணை அழிச்சாங்க, மிச்சம் ஒம்போது கட்டம்தான் 45, அப்போ ஒரு கட்டம் 5, மொத்தம் 50. அவ்வளவுதான். பிள்ளைங்க 45ல பத்து சதவீதம் எடுத்து கூட்டிருக்காங்க, கழிச்சதோ 50ல இருந்து. பன்னெண்டு வருஷம் அதை 'கவனக்குறைவு'ன்னு சிவப்பு மையில எழுதிட்டிருந்தேன், அது கவனக்குறைவே கிடையாது, எதோட பத்து சதவீதம்ங்கிற கேள்விய நான் ஒரு நாளும் அவங்கள கேட்டதில்ல. எந்த ட்ரெயினிங்லயும் எனக்கு கிடைக்காதது அந்த இருபது நிமிஷத்துல கிடைச்சுது.

சேர்ந்து போடுற கணக்குக்கு நம்ம மலையிலயே விஷயம் கிடக்கு. மலை ரயில் பாதையில ரொம்ப செங்குத்தான இடம் 12க்கு 1, அதாவது 12 மீட்டர் முன்னால போனா 1 மீட்டர் ஏத்தம். கோணம் எவ்வளவுன்னு பத்தாவது பிள்ளைங்கள கேளுங்க, 30ம்பாங்க, 45ம்பாங்க, ஏன்னா புக்குல பாத்ததெல்லாம் 30, 45, 60தான். டேன் அட்டவணைய பாத்தா 5 டிகிரி கூட இல்ல, அதுக்கே பல் சக்கரம் தேவைப்படுது. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,700, நடுவுல தண்டவாளம் சுமார் 28 கிலோமீட்டர், சராசரி எடுத்தா 20க்கு 1 மாதிரிதான் வருது, ஏன்? கல்லாறு வரைக்கும் ஏறக்குறைய சமதளம், பல் சக்கரமே அங்கேருந்துதான் ஆரம்பிக்குது. இதை நாங்க பெரியவங்க ஒரு மணி நேரம் சண்டை போட்டு போட்டோம், திங்கக்கிழமை கிளாஸுக்கு போகும்போது இருந்த தெம்பு வேற மாதிரி இருந்துச்சு.

இப்போ அங்கீகாரம். இதுல எனக்கு ஒரு காயம் இருக்கு. நான் ராத்திரி ராத்திரியா முழிச்சு செஞ்ச ஒர்க் ஷீட் ஒரு பயிற்சியில என் பேர் இல்லாம என் கைக்கே வந்துச்சு. பணம் காசு எதிர்பாக்கல, பேர் இருந்திருந்தா போதும், அன்னிக்கு பஸ்ல அழுதுட்டேதான் வந்தேன். அதனால எங்க குழுவுல இதுல மட்டும் கண்டிப்பு, யாரோட ஷீட்டா இருந்தாலும் அடியில அவங்க பேர், ஸ்கூல், மாசம் இருக்கணும், மாத்தி எழுதினா 'இன்னாரோடதை மாத்தினது'ன்னு போடணும். அந்த பத்து கட்டத்தை இப்பவும் அந்த டீச்சர் பேர சொல்லித்தான் கூப்பிடுறோம். இன்னொரு பழக்கமும் வெச்சிருக்கோம், ஒருத்தரோட யோசனை உங்க கிளாஸ்ல வேலை செஞ்சா அவங்க ஹெச்.எம்.முக்கு ஒரு பக்கம் லெட்டர் எழுதுங்க, என்ன எடுத்தோம், பிள்ளைங்க முன்னாடி என்ன எழுதினாங்க, அப்புறம் என்ன எழுதினாங்கன்னு. செலவு ஒரு ஸ்டாம்ப்தான், வாங்கினவங்க அதை ஃபைல்ல போட்டு பத்திரமா வெச்சிருக்கிறத பாத்திருக்கேன்.

விருதுக்கு ஆசைப்படுறதுல தப்பே கிடையாது. மாநில அரசோட நல்லாசிரியர் விருது இருக்கு. மத்திய அரசோட தேசிய நல்லாசிரியர் விருதுக்கு யாரும் பேர் கொடுக்க காத்திருக்க வேண்டாம், ஆன்லைன்ல நாமளே விண்ணப்பிக்கலாம், 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் சான்றிதழும் தருவாங்க, பொதுவா 10 வருஷமாவது சர்வீஸ் கேப்பாங்க, டியூஷன் எடுக்கிறவங்களுக்கு கிடையாது. அங்க கேக்குறது நம்ம வேலைக்கு ஆதாரம், அதுக்கு இன்னிக்கே ஒரு நோட்டு போடுங்க. தேதி, வகுப்பு, என்ன முயற்சி, பிள்ளைங்க விடை ரெண்டு, வாரத்துக்கு அரை பக்கம் போதும். கடைசி நேரத்துல எல்லாத்தையும் தேடி ஃபைல் பண்ணினா அது போட்டோ ஆல்பம் மாதிரிதான் இருக்கும்.

அந்த நோட்டுல இருந்தே மலைக்கு வெளியவும் போகலாம். இந்திய கணித ஆசிரியர் சங்கம் 1965ல ஆரம்பிச்சது, சென்னையில இருக்கு, வருஷா வருஷம் மாநாடு நடத்துறாங்க, ஸ்கூல் டீச்சருங்க அங்க கட்டுரை வாசிக்கலாம், பிள்ளைங்களுக்கு திறனறி போட்டியும் வைக்கிறாங்க. இங்கிலீஷ் பயம்னா ரெண்டு பேர் சேர்ந்து எழுதுங்க, குழுவுல ஒரு தடவை வாசிச்சு காட்டிட்டு அனுப்புங்க. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கொண்டு வர்ற 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' பத்திரிகைய நெட்ல இலவசமாவே படிக்கலாம், மாசம் ஒரு கட்டுரைய ஒருத்தர் படிச்சிட்டு வந்து தமிழ்ல சொன்னா எல்லாருக்கும் ஆச்சு.

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம், ஆனா நமக்கு அது அரையாண்டு பரீட்சை நேரம். நாங்க ஜனவரியில வெச்சுக்கிறோம். போன தடவை இந்த மலையோட பழங்குடியான தோடர் போடுற எம்ப்ராய்டரிய எடுத்தோம், வெள்ளைத் துணியில சிவப்பு கருப்பு நூல், வரைஞ்சுக்காம துணியோட இழைய எண்ணி எண்ணியே போடுறாங்க, சமச்சீர் பாடத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. ஒண்ணு மட்டும், மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போய் கேட்டு, சம்மதம் வாங்கி, போடுற அம்மாவ கூப்பிட்டு அவங்க வாயாலயே சொல்ல வைங்க, அவங்களுக்கு அன்னிக்கு கூலியும் கொடுங்க. சார்ட்டுல அவங்க பேரும் இருக்கணும்.

முதல் சந்திப்புக்கு ஒரு பழைய விடைத்தாள், ரெண்டு சாக்பீஸ், பிளாஸ்க்ல டீ போதும். நாலு பேர் வரேன்னு சொல்லிட்டு ஒருத்தர்தான் வந்தாலும் சரி, வந்தவங்கள திருப்பி அனுப்பாம அந்த 45 கிலோ கணக்கை போர்டுல எழுதி பிள்ளைங்க என்ன போட்டிருப்பாங்கன்னு அவங்கள கேளுங்க.