டீ ட்ரீ எண்ணெய்: புட்டியில் தேதி எழுதி வையுங்கள்

ஒரு முறை தாடையில் சிவப்பாகத் தடித்துப் பத்து நாள் அரித்தது. டீ ட்ரீ எண்ணெயால் வந்த வினை. இரண்டு வருடமாக ஜன்னலோரம் கிடந்த, பாதி காலியான புட்டி அது. அதிலிருந்து ஒரு சொட்டை எதிலும் கலக்காமல் பருவின்மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். பழைய எண்ணெய், அதையும் கலக்காமல் வைத்தது என்று இரண்டு தப்பு. அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்திருந்தால் இரண்டையுமே செய்திருக்க மாட்டேன்.

பெயரில் 'டீ' இருக்கிறதே தவிர, குடிக்கிற தேயிலைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இது மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா, யூகலிப்டஸ் குடும்பத்து மரம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்குச் சதுப்பு நிலங்கள்தான் இதன் பிறப்பிடம். அங்குள்ள பண்ட்ஜலாங் பழங்குடி மக்கள் இலையைக் கசக்கிப் புண்ணுக்குப் போட்டு வந்தார்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற சிட்னி வேதியியலாளர், இதன் எண்ணெய் அன்றைய கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தைவிட 11 மடங்கு வீரியமாகக் கிருமிகளைக் கொல்லும் என்று அறிவித்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

தயாரிப்பு நம் பழைய வாலை வடித்தல்தான், அளவு மட்டும் பெரிது. மரத்தை உயரமாக வளர விடுவதில்லை. ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வந்ததும் அடியோடு வெட்டி, இலையும் சிறு கிளையுமாகப் பொடியாக நறுக்கித் தொட்டியில் நிரப்புகிறார்கள். வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும். ஒன்று, ஒன்றரை வருடத்தில் அடுத்த அறுவடை. தொட்டிக்கு அடியிலிருந்து நீராவியை விட்டால், அது இலைக்குள் நுண்ணிய சுரப்பிகளில் இருக்கும் எண்ணெயையும் ஆவியாக்கி இழுத்துக்கொண்டு மேலே வரும். குளிர்ந்த குழாயில் அந்த ஆவி மறுபடி நீராகிக் கலத்தில் சொட்டும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் மேலே தனி அடுக்காக மிதக்கும். அதைப் பிரித்து எடுப்பதோடு சரி.

100 கிலோ பச்சைத் தழைக்கு 1 முதல் 2 கிலோ எண்ணெய்தான் தேறும். அப்படியானால் ஒரு மில்லியில் குறைந்தது ஒரு பெரிய கைப்பிடித் தழையின் காரம் இறங்கியிருக்கிறது. நான் அதைத்தான் முகத்தில் நேராக வைத்தேன்!

அதனால் கலக்கித்தான் பூச வேண்டும். பருவுக்கு 5 சதவீதம் போதும். 1990இல் சிட்னியில் 124 பேரை வைத்து நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும், பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதமும் இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவு. வீட்டில் நான் ஊசி இல்லாத சிரிஞ்சில் 1 மில்லி எடுத்து, 19 மில்லி ஜோஜோபா எண்ணெயில் விடுகிறேன். சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள், புட்டிக்குப் புட்டி சொட்டின் அளவு மாறும். அப்புறம், தண்ணீரில் கலக்கலாமா என்று கேட்கிறவர்கள் மேலே மிதந்த அடுக்கை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு குலுக்கினாலும் எண்ணெய் திரும்ப மேலேதான் வந்து நிற்கும், அது அப்படியே தோலில் படும்.

பொடுகுக்கு 95 மில்லி ஷாம்பூவில் 5 மில்லி. தலையில் தேய்த்து மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள், நாலு வாரமாவது பாருங்கள். கால் விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு ஆய்வுகளில் 25, 50 சதவீதம் வரைகூடப் போயிருக்கிறார்கள். நான் 10க்கு மேல் போனதில்லை. எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பொறுங்கள். கண்ணருகே வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது புட்டியின் லேபிளில் தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்கிற முக்கியப் பொருள் டெர்பினென்-4-ஆல். சர்வதேசத் தரப்படி அது 35 முதல் 48 சதவீதம், யூகலிப்டஸ் வாசனை தரும் சினியோல் 10 சதவீதத்துக்குள். அடர்நிறக் கண்ணாடிப் புட்டியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம்.

காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒவ்வாமை தரும் பெராக்சைடுகள் உண்டாகும். பாதி காலியான புட்டி என்றால் மீதிப் பாதி காற்று. என் ஜன்னலோரப் புட்டிக்கு மூன்றும் தாராளமாகக் கிடைத்திருந்தன. இப்போது 10 மில்லிக்கு மேல் வாங்குவதில்லை. திறந்த தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டி, அலமாரி இருட்டில் வைக்கிறேன். ஆறு மாதம் தாண்டினால் தோலுக்குக் கிடையாது. மண்ணெண்ணெய்போல நெடி அடித்தால் தேதியைக்கூடப் பார்ப்பதில்லை.

வாய்க்குள் போகவே கூடாது. விழுங்கினால் தள்ளாட்டம், மயக்கம் வரும், குழந்தைகளுக்குக் கொஞ்சமே போதும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பூனை, நாய்க்கும் இது விஷம். உண்ணிக்கு என்று அதன்மேல் பூசினால் தோல் வழியே உள்ளே போகும், நக்கியும் விழுங்கிவிடும்.