லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப்பில் விண்டோஸ் கேம்களை ஓட்டுவது எப்படி?

என் சர்வீஸ் மேஜைக்கு இப்போது அதிகம் வருபவை ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இந்தப் பிராசசர்கள் அநேகமாக இல்லை. எட்டு ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் இன்னும் சில வருடம் நன்றாக ஓடக்கூடிய மெஷின்கள் இவை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன் என்றால் அப்பா சரி என்பார். கூட வந்த பையன் முகம்தான் வாடிவிடும். "அண்ணே, அப்போ என் கேம் எல்லாம்?"

முக்கால்வாசி கேம் ஓடும், தம்பி. எப்படி என்று சொல்கிறேன்.

விண்டோஸ் கேம் ஒன்று ஓடும்போது 'இந்தக் கோப்பைத் திற', 'இதைத் திரையில் வரை' என்று விண்டோஸிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்விகளை வாங்கி, லினக்ஸ் மூலம் பதில் சொல்லும் மென்பொருள்தான் வைன். 1993-இல் தொடங்கிய திட்டம் இது. உள்ளே ஒரு முழு விண்டோஸை ஓட்டுவதில்லை, அதனால் வேகம் பெரிதாகக் குறையாது. டைரக்ட்3டி என்ற விண்டோஸ் கிராஃபிக்ஸ் மொழியை, லினக்ஸுக்கும் புரியும் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் மொழிக்கு மாற்றித் தருவது டிஎக்ஸ்விகே. இவற்றையெல்லாம் சேர்த்து, ஸ்டீம் என்ற தன் கேம் கடைச் செயலிக்குள்ளேயே வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் கொடுத்ததுதான் புரோட்டான். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் விண்டோஸ் கேம்கள் ஓடுவதும் இதை நம்பித்தான்.

விண்டோஸை அழிப்பதற்கு முன்னால், எந்தக் கேம் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் பதிவு செய்யும் புரோட்டான்டிபி தளத்தில் உங்கள் கேமின் பெயரைத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்றால் தைரியமாக மாறலாம். போர்க்டு (Borked) என்றிருந்தால் ஓடாது என்று அர்த்தம். வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஓடாது. ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் அவற்றின் ஆன்டி-சீட் மென்பொருள் லினக்ஸை உள்ளே விடுவதில்லை, நாம் எதை மாற்றினாலும் பயனில்லை. ஜிடிஏ 5-இல் கதையை விளையாடலாம், ஆனால் ஆன்லைன் பகுதி 2024 செப்டம்பரிலிருந்து அடைபட்டுவிட்டது. இதைப் பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். அழித்த பிறகு சொன்னால் அது ஏமாற்றியது போல் ஆகிவிடும்.

அடுத்தது கிராஃபிக்ஸ். என்விடியா கார்டு இருந்தால் மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்படும் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்டெல், ஏஎம்டிக்குத் தனியாக எதுவும் வேண்டாம், சிஸ்டம் அப்டேட் போதும். இன்டெல் ஆறாம் தலைமுறையிலிருந்து சிக்கல் இல்லை. நான்காம் தலைமுறை மெஷின் என்றால் புதிய டிஎக்ஸ்விகே கேட்கும் வல்கன் 1.3 அதில் கிடைக்காது. அங்கே பழைய புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஸ்டீமை இன்ஸ்டால் செய்து உள்ளே போங்கள். செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் எல்லாக் கேம்களுக்கும் ஸ்டீம் பிளே என்ற தேர்வு இருந்தால் ஆன் செய்யுங்கள். பிறகு வழக்கம்போல் இன்ஸ்டால், பிளே. முதல் தடவை வல்கன் ஷேடர்களைத் தயார் செய்கிறேன் என்று ஒரு பட்டை மெதுவாக நகரும். பொறுமையாக விடுங்கள், விளையாடும்போது திக்காமல் இருக்க அதுதான் உதவும். ஓடவில்லையென்றால் கேமின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அங்கே வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

இனி, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். டவுன்லோட் செய்த கேம் விண்டோஸின் டி டிரைவில் ஐம்பது, அறுபது ஜிபி கிடக்கும். மறுபடி எதற்கு டேட்டாவைச் செலவழிக்க வேண்டும் என்று அந்த டிரைவையே ஸ்டீமுக்குக் காட்டிவிடுவார்கள். பச்சை பிளே பட்டனை அழுத்தினால் அது நீலமாகி ஸ்டாப் என்று மாறும், இரண்டு நொடியில் மறுபடி பச்சையாகிவிடும். எர்ரர் ஒன்றும் வராது. காரணம் இதுதான்: புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் வீடு கட்டுகிறது. அதில் 'சி' என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயரில் ஓர் இணைப்பை வைக்கும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை டிரைவில் அந்தப் பெயர் தகராறு செய்யும். அதே டிரைவை விண்டோஸும் பயன்படுத்தினால், விண்டோஸை முழுதாக அணைக்காமல் விடும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக லினக்ஸில் எழுதவே முடியாமல் போவதும் உண்டு.

டேட்டா செலவில்லாமல் சரி செய்யலாம். கேமின் பிராப்பர்டீஸில் இன்ஸ்டால் ஆகியிருக்கும் இடத்தைக் காட்டும் பக்கத்துக்குப் போய், மூவ் கொடுத்து, லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 வகைப் பகுதிக்கு மாற்றுங்கள். லினக்ஸ் இருக்கும் பகுதி அநேகமாக எக்ஸ்ட்4-தான்.

ஸ்டீமில் இல்லாத, சிடியிலோ பென் டிரைவிலோ இருக்கும் கேமுக்கு, வைனை வைத்து ஓட்டும் பாட்டில்ஸ் என்ற செயலி நல்லது. கேமிங் வகையில் புதிய பாட்டில் ஒன்றை உருவாக்கி, செட்டப் கோப்பை அதற்குள் ஓட்டுங்கள். ஒரு கேமுக்கு ஒரு பாட்டில் என்று வையுங்கள். ஒன்றுக்காகப் போட்ட டிஎல்எல் என்ற துணைக் கோப்பு இன்னொன்றைக் கெடுக்காமல் இருக்கும். பென் டிரைவில் இருக்கும் கோப்பு பாட்டில்ஸுக்குத் தெரியவில்லையென்றால் பயப்படாதீர்கள். அது ஃபிளாட்பேக் என்ற, தனி வேலிக்குள் ஓடும் வகைச் செயலி என்பதால் வெளி ஃபோல்டர்களைப் பார்க்கத் தனி அனுமதி வேண்டும். ஃபிளாட்சீல் என்ற செயலியில் அதைக் கொடுக்கலாம்.

சேவ் கோப்புகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். என் தம்பியின் பழைய ஆட்டம் ஒன்று திடீரென்று திறக்காமல் போனது. குட்டி விண்டோஸ் வீட்டை அழித்தால் புரோட்டான் புதிதாகக் கட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், அழித்துவிட்டேன். கேம் திறந்தது. ஆனால் அவன் மூன்று மாதம் விளையாடிச் சேர்த்தது அந்த வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. சேவ் கோப்புகளை இணையத்தில் காப்பி வைக்கும் ஸ்டீம் கிளவுடும் அந்தக் கேமுக்குக் கிடையாது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அந்தக் கேமைத் திறக்கவும் இல்லை.

அதனால் எதை அழிப்பதற்கு முன்னாலும் இதைச் செய்யுங்கள். கேமின் மேல் ரைட் கிளிக் செய்து, மேனேஜ், பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ் கொடுங்கள். திறக்கும் ஃபோல்டரிலிருந்து இரண்டு படி மேலே போனால் காமன் ஃபோல்டருக்குப் பக்கத்தில் கம்பாட்டேட்டா இருக்கும். உள்ளே எண்களாகவே பெயர் வைத்த ஃபோல்டர்கள். ஸ்டோர் பக்கத்தின் முகவரியில் இருக்கும் எண்தான் உங்கள் கேமுடையது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு அது 813780. அதற்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ்சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று போங்கள். பெரும்பாலான கேம்கள் சேவ் கோப்புகளை அங்கேதான் வைக்கும். அந்த ஸ்டீம்யூசர் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து, அதன்மேல் கேமின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.