கிரகணமும் உலக்கையும்: அறிவியல், சமயம், மெய்யியல் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல்லில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பத்தா ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார். நின்றது. "கிரகணம் விடுற வரைக்கும் நிக்கும், விட்டதும் விழுந்துரும்" என்றார். இயற்பியல் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, "எல்லாமே மூடநம்பிக்கை அப்பத்தா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலம் வரை அப்பத்தா அவனிடம் பேசவில்லை. இருவர் மீதும் எனக்குப் பிரியம் உண்டு. இருவரும் ஆளுக்கொரு தவறு செய்தார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த இரண்டு தவறுகளும் வேறு வேறு உருவத்தில் எங்கும் நடக்கின்றன.

அப்பத்தாவின் தவறு எளிதில் பிடிபடக்கூடியது. கிரகணம் இல்லாத நாளில் அவர் உலக்கையை நிறுத்திப் பார்த்ததே இல்லை. மறுநாள் அதே தாம்பாளத்தில் நான் நிறுத்தினேன், நின்றது. உலக்கையின் அடியில் தட்டையான இரும்புப் பூண் இருக்கிறது. எடை நேராக அந்தப் பூணுக்குள் இறங்கினால் எந்த நாளிலும் நிற்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கிரகணம்தான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால், கிரகணம் இல்லாதபோது நிற்காது என்பதையும் காட்டியாக வேண்டும். அறிவியல் முறை என்று பெரிய பேராகச் சொல்வதில் பாதி இந்த ஒரு பழக்கம்தான்.

தம்பியின் தவறு இன்னும் ஆழமானது. அன்று அப்பத்தா செய்தவை பல. உலக்கையை நிறுத்தினார். சாப்பாட்டுப் பாத்திரங்களில் தர்ப்பைப்புல் போட்டார். கர்ப்பமாக இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை வெளியே வராதே என்றார். கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, தாத்தா படத்தின் முன் வெகுநேரம் நின்றார். இவற்றில் முதல் மூன்றும் உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய கூற்றுகள். சோதித்துப் பார்க்கலாம், தவறென்றால் விட்டுவிடலாம். கடைசியாகச் செய்தது கூற்றே கிடையாது. அது ஒரு செயல். வானத்தில் அபூர்வமாக ஒன்று நடக்கும்போது, இறந்துபோனவரை நினைத்துக்கொண்ட செயல். அதை எந்தக் கருவியை வைத்துப் பொய் என்று காட்டுவது? தம்பி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்தான். மறுபக்கத்தில் நின்று அதே மூட்டையைக் கட்டுகிறவர்களும் உண்டு. விளக்கேற்றுவதில் அர்த்தம் இருக்கிறது, ஆகவே தர்ப்பைக்குக் கதிர்வீச்சைத் தடுக்கும் சக்தியும் இருக்கிறது என்பார்கள். மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்காமல் இந்தப் பேச்சைத் தொடங்கவே கூடாது.

அப்படியானால் அறிவியல், சமயம், மெய்யியல் (தத்துவம்) மூன்றையும் தனித்தனி அறையில் வைத்துப் பூட்டிவிடலாமா? உண்மைத் தகவல்களுக்கு அறிவியல், விழுமியங்களுக்குச் சமயம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியாது என்று அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997இல் எழுதினார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான், கேட்கவும் சுகமாக இருக்கிறது. ஆனால் வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. கிரகணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரியபட்டர் 499இல், தம் 23ஆம் வயதில், சூரியனை மறைப்பது சந்திரன், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலில் கிரகணத்தைக் கணிக்கும் முறைகள் எல்லாம் நிழலையும் சந்திரனையும் வைத்தே நடக்கின்றன. இருந்தும், ராகு காரணமில்லை என்று சொல்வது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம் என்று அதே நூலில் ஆரியபட்டரைச் சாடுகிறார். ராகு பூமியின் நிழலுக்குள் புகுந்துகொள்கிறான் என்று ஒரு சமாதானமும் சொல்கிறார். ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்து அல்பிரூனி இதைப் படித்தார். இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படி எழுதினார் என்று வருந்தினார். சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி (மரண தண்டனை) தமக்கும் நேரக்கூடாது என்ற அச்சம்தான் காரணமாக இருக்கும் என்று ஊகித்தார். ஒரு முஸ்லிம் அறிஞர், ஓர் இந்து வானியலாளரைப் படித்து, ஒரு கிரேக்க மெய்யியலாளரை நினைக்கிறார். என் மனதில் ஆழமாகப் பதிந்த இடம் இது. இந்த மூன்றையும் எந்தச் சுவராலும் பிரித்து வைக்க முடிந்ததில்லை. ஒரே மனிதரின் ஒரே நூலுக்குள் அவை மோதிக்கொள்கின்றன, சமரசம் செய்துகொள்கின்றன.

மோதல் எப்போதும் அறிவியலுக்கும் சமயத்துக்கும் நடுவே என்று நினைப்பதும் சரியில்லை. 1111இல் மறைந்த இஸ்லாமிய இறையியலாளர் அல்கஸாலி, மெய்யியலாளர்களைக் கடுமையாகத் தாக்கி நூல் எழுதியவர். ஆனால் அந்த நூலின் முன்னுரையிலேயே, கிரகணத்துக்கு வானியலாளர்கள் தரும் விளக்கம் கணக்கால் நிறுவப்பட்டது, அதை மறுப்பது சமயக் கடமை என்று எண்ணுகிறவர் சமயத்துக்கே தீங்கு செய்கிறார் என்று எச்சரித்தார். அவருக்குச் சண்டை மெய்யியலோடு, வானியலோடு இல்லை.

இன்று நம் ஊரில் அதிகம் நடப்பதும், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இன்னொரு தவறு. ஒன்றின் மதிப்பை நிலைநாட்ட இன்னொன்றிடம் சான்றிதழ் கடன் வாங்குவது. திருநள்ளாற்றுக்கு மேலே பறக்கும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே திகைத்துவிட்டது என்ற செய்தி பல வருடங்களாக வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது, நின்றால் கீழே விழும். செய்தி பொய் என்பதோடு விஷயம் முடியவில்லை. திருநள்ளாறு சம்பந்தர் பாடிய தலம். அங்கே பாடிய பதிகத்தை எழுதிய ஓலை மதுரையில் நெருப்பில் வேகாமல் பச்சையாகவே இருந்தது என்பது மரபு, அதனால் அதற்குப் பச்சைப் பதிகம் என்றே பெயர். இப்படி ஒரு நினைவு உள்ள கோவிலுக்கு நாசாவின் கையெழுத்து எதற்கு? அனுப்புகிறவர் சமயத்தை உயர்த்துவதாக நினைக்கிறார், உண்மையில் அறிவியலை அதற்கு மேலான நீதிபதியாக உட்காரவைக்கிறார். நாளைக்கு அந்தச் செய்தி பொய் என்று தெரிந்ததும், கூடவே கோவிலின் மதிப்பும் குறைந்ததாகப் பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

"அணுவைத் துளைத்தேழ் கடலைப் புகட்டிக் குறுகத் தறித்த குறள்" என்ற ஔவையின் வரிக்கும் இதே கதிதான். அணுவைப் பிளக்கத் தமிழருக்கு அன்றே தெரியும் என்று மேடையில் முழங்குகிறார்கள். அங்கே அணு என்றால் நினைக்க முடிந்த மிகச் சிறிய பொருள். அதைத் துளைத்து ஏழு கடலை உள்ளே விட்டதுபோல, ஏழு சீருக்குள் இவ்வளவு பொருளை வள்ளுவர் அடக்கிவிட்டார் என்பது பாராட்டு. ஏழு கடல், ஏழு சீர், எவ்வளவு அழகான பொருத்தம்! இயற்பியல் பாடமாக்கினால் கவிதை செத்துப்போகிறது, இயற்பியலுக்கும் எதுவும் கிடைப்பதில்லை. யுரேனிய அணுக்கரு பிளந்ததை 1938இல் பெர்லினில் கண்டறிந்தவர்கள் அதற்கு முந்தைய பல்லாண்டுச் சோதனைகளின் தோளில் நின்றுதான் கண்டறிந்தார்கள்.

இந்தக் கடனை வாங்க மறுத்த ஒருவரைச் சொல்கிறேன். ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்தில் கத்தோலிக்கப் பாதிரியார், கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் படித்தவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். 1931இல், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். இன்று பெருவெடிப்பு என்று சொல்கிறோமே, அதற்கு அதுவே வித்து. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் படைப்பை உறுதிப்படுத்திவிட்டது என்ற தொனியில் உரையாற்றினார். பாதிரியாரான லெமேத்ர் மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அவருக்கு அது பிடிக்கவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவரும் அதை ஏற்கலாம் என்பது அவர் நிலை. கோட்பாடு நாளை திருத்தப்பட்டால் அதில் கட்டிய நம்பிக்கை என்ன ஆகும்? எதிர்முனையில் பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில், இது படைப்புக் கதைபோல இருக்கிறதே என்ற ஒவ்வாமையும் சேர்ந்து இதை எதிர்த்தார். இரண்டு பக்க ஆசைகளையும் கேட்டு எதுவும் முடிவாகவில்லை. பெருவெடிப்பின் எச்சமாக விண்வெளியெங்கும் பரவியிருக்கும், 1965இல் அறிவிக்கப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சுதான் தராசைச் சாய்த்தது. மறுவருடம் லெமேத்ர் காலமானார். அதற்குச் சற்று முன் அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியது.

கடன் வாங்குவது பக்தர்கள் மட்டும் செய்யும் தவறு என்று எண்ண வேண்டாம். "பிரபஞ்சத்துக்கு நோக்கம் கிடையாது என்று அறிவியல் நிரூபித்துவிட்டது", "சோதனையில் நிறுவ முடியாத எதுவும் அறிவே ஆகாது" என்பவர்களும் அறிவியலின் முத்திரையைத்தான் கடன் வாங்குகிறார்கள். இரண்டாவது வாக்கியத்தை எந்தச் சோதனையில் நிறுவினார்கள்? அது மெய்யியல் கூற்று. மெய்யியலாக வாதாடலாம், வெல்லவும் செய்யலாம். ஆனால் வாதாட வேண்டும்.

மெய்யியல் வெட்டிப்பேச்சு என்பவர்களிடம் இரண்டு கோள்களின் கதையைச் சொல்வேன். யுரேனஸின் பாதை நியூட்டன் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. நியூட்டன் தவறு என்று யாரும் முடிவுகட்டவில்லை. கண்ணுக்குப் படாத ஒரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில், அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. அப்புறம் புதனின் பாதையிலும் ஒரு சிறு பிசகு, நூறு ஆண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). அவர் மறுபடியும் அதே வழியில், சூரியனுக்கு அருகில் இன்னொரு கோள் இருக்கிறது என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள், 1878இல் அமெரிக்காவில் இருவர் பார்த்துவிட்டதாகவே சொன்னார்கள். அப்படி ஒரு கோளே கிடையாது. 1915இல் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் அந்த 43 விகலையைச் சரியாகத் தந்தது, தவறு நியூட்டன் பக்கம்தான் இருந்தது. ஒரே மனிதர், ஒரே முறை, ஒருமுறை வெற்றி, ஒருமுறை தோல்வி. கணக்கு ஒத்துவராதபோது கோட்பாட்டை விடுவதா, காத்திருப்பதா? எதைச் சான்று என்று ஏற்பது? இவை மெய்யியல் கேள்விகள். அறிவியலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவை.

அறிவியலாளரின் நம்பிக்கையைச் சாட்சிக்கு அழைப்பதையும் விட்டுவிடலாம். 1919 மே 29 கிரகணத்தில் ஐன்ஸ்டீனைச் சோதிக்கப் போன எடிங்டன் தீவிரக் குவேக்கர், அதாவது கிறித்தவத்தின் ஒரு பிரிவைச் சேர்ந்தவர். அப்துஸ் சலாம் தொழுகை தவறாத முஸ்லிம், ஸ்டீவன் வெயின்பெர்க் வெளிப்படையான நாத்திகர். இருவரும் தனித்தனியே ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள், 1979இல் கிளாஷோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதை வைத்துக் கடவுள் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சரி, பிரித்துப் பார்க்க என்ன வழி? வெளியே போக வேண்டாம். வஞ்சி நகரில் மணிமேகலை சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் கண்ணால் காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதம் பேசும் பூதவாதியையும் கேட்கிறாள். அந்தக் காதை அளவைகளில்தான் தொடங்குகிறது. அதாவது, ஒன்றை எப்படி அறிந்தாய் என்ற கேள்வியில். சைவ சித்தாந்தமும் அளவைகளைச் சுருக்கிக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாகக் கொள்ளும். யாராவது ஒரு கூற்றைச் சொன்னால், இது நீங்கள் கண்டதா, கருதியதா, ஒருவர் உரைத்ததா என்று கேளுங்கள். செயற்கைக்கோள் நிற்பதைக் கண்டவர் யாரும் இல்லை. உலக்கையைக் காணலாம்.

2027 ஆகஸ்ட் 2 அன்று இந்தியாவில் பகுதி சூரிய கிரகணம் தெரியும். முதல் நாளும் அன்றும் இரண்டு தடவை உலக்கையை நிறுத்துவது என்று அப்பத்தாவும் தம்பியும் பேசி வைத்திருக்கிறார்கள். அவருக்கும் சேர்த்துச் சூரியக் கண்ணாடி வாங்கி வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். கிரகணம் விட்டதும் தாத்தா படத்துக்கு விளக்கு வைப்பார், அவனும் கூட நிற்பான்.