பிட்காயின் கோர் முதல் ஒத்திசைவை விரைவுபடுத்திய விதம்

பிட்காயின் கோர் மென்பொருளின் முதல் ஒத்திசைவு, அதாவது தொடக்கம் முதலான எல்லா பிட்காயின் பரிவர்த்தனைகளையும் இறக்கிச் சரிபார்க்கும் வேலை, பாதிக்கு மேல் தவழத் தொடங்கியபோது, என் கணினியில் இணைய இணைப்பு பெரும்பாலும் சும்மா இருக்க, சுழலும் வன்தட்டு மட்டும் இடைவிடாமல் திணறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் சரிபார்க்க, இன்னும் செலவாகாத நாணயங்களின் பட்டியலான செயின்ஸ்டேட் அடைவில் அங்குமிங்கும் தேட வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். ஆகவே மென்பொருளை முறையாக நிறுத்திவிட்டு, அந்த அடைவை வேகமான எஸ்எஸ்டி வட்டுக்கு மாற்றி, பரிவர்த்தனைத் தொகுப்புகள் அடங்கிய, பல நூறு ஜிபி இடம் பிடிக்கும் பிளாக் கோப்புகளை மட்டும், அவற்றின் இடத்தைக் குறிப்பிடும் 'பிளாக்ஸ்டிர்' அமைப்பின் மூலம் பழைய வட்டிலேயே விட்டேன். 16 ஜிபி ரேம் இருந்ததால், அந்தப் பட்டியலுக்காக ரேமில் ஒதுக்கும் இடத்தின் அளவான 'டிபிகேஷ்' மதிப்பையும் 450 எம்பியிலிருந்து 8000 எம்பியாக உயர்த்தினேன். வேகம் உடனே கூடியது. ஆனால் நினைவகத்தில் உள்ளது வட்டில் எழுதப்படுமுன் மின்சாரம் போனால் அவ்வளவு சரிபார்ப்பையும் மீண்டும் செய்ய நேரும் என்பதால், யுபிஎஸ் இல்லாதவர்கள் இந்த மதிப்பை மிகவும் உயர்த்தாமல் இருப்பது நல்லது. ஒத்திசைவு முடிந்ததும் அதைப் பழைய 450-க்கே குறைத்துவிட்டேன்.