ஒரு தொட்டி ரசத்துக்கு, ஒரு தொட்டி புழுவுக்கு

கறிவேப்பிலைச் செடியில் புழுவைக் கண்டால் என் மாமியாருக்கு ஆகாது. அதனால் மாடியில் இரண்டு தொட்டி வைத்திருக்கிறோம். ஒன்று ரசத்துக்கு, இன்னொன்று என் புழுக்களுக்கு.

கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் இரண்டுமே இந்தச் செடியில் முட்டையிடும். கொழுந்து இலையைப் புரட்டிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிதாக, வெளிர்மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கும். அந்த இலையைக் காம்போடு கிள்ளி எடுத்து ஒரு டப்பாவில் வையுங்கள். அடியில் டிஷ்யூ தாள், வாயில் கொசுவலைத் துணி, அதன்மேல் ரப்பர் பேண்டு, அவ்வளவுதான். மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். சின்னப் புழு பார்க்கப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். நானே முதலில் இரண்டைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். நான்கு முறை தோலுரிக்கும், கடைசித் தோலில்தான் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பை நீட்டும், ஒரு நெடி வரும். பயப்பட வேண்டாம், கடிக்காது.

இலையைத் தினமும் மாற்றி, புழுக்கையைத் தட்டிவிடுங்கள். ஆனால் கடையில் வாங்கிய கறிவேப்பிலையை மட்டும் போடாதீர்கள். ஒருமுறை என் செடி மொட்டையாகிவிட்டதே என்று சந்தையில் ஒரு கட்டு வாங்கிப் போட்டேன். விடிவதற்குள் ஏழு புழுவும் சுருண்டு கிடந்தன. பூச்சிமருந்து அடித்த இலை. கழுவிப் போட்டும் பலனில்லை. புழு அசையாமல் கிடந்தால் தோலுரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது அதை நோண்டக் கூடாது.

இரண்டு வாரத்துக்குள் தின்பதை நிறுத்தி, நீராகக் கழிந்துவிட்டு, இடம் தேடி அலையும். அப்போது ஒரு காய்ந்த குச்சியைச் சாய்த்து வையுங்கள். இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு அதில் கூட்டுப்புழுவாகும். சுமார் பத்து நாளில் கூடு கறுக்கும், உள்ளே சிறகு தெரியும். பெரும்பாலும் காலையில்தான் வெளிவரும். காபி போட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும். சிறகு தொங்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கியே காய்ந்துவிடும். சில கூடுகளிலிருந்து, உள்ளே ஒட்டுண்ணியாக வளர்ந்த குட்டிக் குளவிகள்தான் வரும். அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை அழகியில் ஒருவகைப் பெண் பூச்சிக்குச் சிறகில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். வேறு இனம் எப்படி டப்பாவுக்குள் வந்தது என்று குழம்பிவிடாதீர்கள். ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று நஞ்சேறிய ரோஜா அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியைப் போல அது வேஷம் போடுகிறது. பறவைகள் ஏமாந்து விட்டுவிடும்.

நந்தியாவட்டையில் கண் வரைந்தது போன்ற பருத்த பச்சைப் புழு கிடைத்தால் அது அந்துப்பூச்சி இனம். அதற்குக் குச்சி உதவாது. டப்பா அடியில் மண்ணும் சருகும் போடுங்கள்.